டூர் ஓடும்போது சார்ட் பார்ப்பது எப்படி? பிடிஎஸ் ரசிகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஏழு பேர் கொண்ட கொரியப் பாப் குழு பிடிஎஸ். அதன் ரசிகர் கூட்டத்துக்குப் பெயர் ஆர்மி. புதிதாக ஆர்மிக்குள் வரும் தங்கைகளும் தம்பிகளும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். பெரும்பாலும் 'லவ் யுவர்செல்ஃப்' டூரை வைத்தே பதில் சொல்லியிருக்கிறேன். 2018 ஆகஸ்ட் 25 அன்று சியோல் ஒலிம்பிக் மைதானத்தில் தொடங்கி, 2019 அக்டோபர் 29 அன்று அதே மைதானத்தில் முடிந்தது அந்த டூர். மொத்தம் 62 நிகழ்ச்சிகள். அந்தப் பதினான்கு மாதமும் கோடு போட்ட நோட்டு ஒன்றில் இடது பத்தியில் சார்ட் (ஆல்பமும் பாட்டும் எந்த இடத்தில் இருக்கின்றன என்று சொல்லும் தரவரிசைப் பட்டியல்), வலது பத்தியில் டூர் என்று எழுதி வந்தேன். நீலப் பேனாவில் ஊர்ப் பெயர், சிவப்பில் ரேங்க். கீழே வரும் பதில்களில் பாதி அந்த நோட்டில் கற்றுக்கொண்டவைதான்.

அந்த டூர் சமயத்தில் என்னென்ன ஆல்பம் வந்தது?

மூன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 'லவ் யுவர்செல்ஃப்: டியர்' 2018 மே 18 அன்று, டூருக்கு முன்பே வந்துவிட்டது. 'லவ் யுவர்செல்ஃப்: ஆன்ஸர்' ஆகஸ்ட் 24 அன்று வந்தது, மறுநாளே டூர் ஆரம்பம். 'மேப் ஆஃப் த சோல்: பெர்சோனா' 2019 ஏப்ரல் 12. பாங்காக்கில் இரண்டு நாள் பாடி முடித்த ஐந்தாம் நாள் அது. பிறகு மே 4 அன்று கலிபோர்னியாவின் ரோஸ் பவுல் மைதானத்தில் 'ஸ்பீக் யுவர்செல்ஃப்' என்ற பெயரில் டூரின் இரண்டாம் பாகம் தொடங்கியது. மூன்று ஆல்பமும் அமெரிக்காவின் பில்போர்டு நிறுவனம் போடும் 'பில்போர்டு 200' சார்ட்டில் முதல் வாரமே முதலிடம் பிடித்தன.

பில்போர்டு 200, ஹாட் 100 இரண்டும் ஒன்றா?

இல்லை. 200 என்பது ஆல்பங்களுக்கு, 100 என்பது தனிப் பாடல்களுக்கு. ஆல்பம் முதலிடம் வந்துவிட்டால் பாட்டும் முதலிடம் வந்துவிட்டது என்று நிறையப் பேர் குழம்புகிறார்கள். 'டியர்' முதலிடம் வந்த வாரம் 'ஃபேக் லவ்' ஹாட் 100-இல் 10-ஆம் இடம். 'ஆன்ஸர்' வாரத்தில் 'ஐடல்' 11. 'பெர்சோனா' வாரத்தில் அமெரிக்கப் பாடகி ஹால்ஸியோடு பாடிய 'பாய் வித் லவ்' 8. மூன்று பாட்டுக்கும் வந்த வாரத்து இடம்தான் உச்சம், பிறகு அதைத் தாண்டவில்லை. இதைக் கொஞ்சம் மனதில் வைத்திருங்கள், கீழே தேவைப்படும்.

அக்கா, நான் திருநெல்வேலியில் உட்கார்ந்து விடிய விடிய ஸ்ட்ரீம் செய்கிறேன். பில்போர்டில் சேருமா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், பதில் சொல்ல எனக்கே வருத்தமாக இருக்கும். சேராது. பில்போர்டு 200, ஹாட் 100 இரண்டும் அமெரிக்காவுக்குள் நடக்கும் விற்பனையையும், அமெரிக்காவில் கேட்கப்படும் ஸ்ட்ரீமையும் மட்டுமே எண்ணுகின்றன. ஹாட் 100 மட்டும் அமெரிக்க வானொலியையும் சேர்த்துக்கொள்ளும். சென்னையில் கேட்டாலும் சியோலிலேயே கேட்டாலும் அந்த இரண்டு சார்ட்டுக்கும் அது பூஜ்யம்தான்.

ஆனால் வீண் என்று நினைக்காதீர்கள். ஸ்பாட்டிஃபை இந்தியாவுக்கு வந்ததே 2019 பிப்ரவரி இறுதியில்தான், 'பெர்சோனா'வுக்கு ஆறு வாரம் முன்பு. அதற்கு முன் நம்மில் பலருக்கு யூடியூபும் உள்நாட்டு ஆப்களும்தான் கதி. ஸ்பாட்டிஃபை வந்த பிறகு அதன் உலக சார்ட்டிலும் இந்திய சார்ட்டிலும் நம் கேட்பு சேர ஆரம்பித்தது. 2020 செப்டம்பரில் பில்போர்டே 'குளோபல் 200' என்ற உலகப் பட்டியலைத் தொடங்கியது. அதில் இந்தியாவில் கேட்பதும் சேரும். ஆகவே நீங்கள் எந்த சார்ட்டுக்காகக் கேட்கிறீர்கள் என்று தெரிந்துகொண்டு கேளுங்கள். விபிஎன் போட்டு அமெரிக்காவில் இருப்பதுபோல் காட்டிக் கேட்பதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். சந்தேகமான கணக்குகள் வடிகட்டப்படும். வெட்டியாகப் போவது மட்டுமல்ல, ஒழுங்காகக் கேட்கும் மற்ற ரசிகர்களின் பெயரும் கெடும்.

'யூனிட்' என்கிறார்களே, அது என்ன கணக்கு?

பில்போர்டு 200 ஆல்பங்களை யூனிட்டில்தான் எண்ணுகிறது. ஆல்பத்தைக் காசு கொடுத்து வாங்கினால் ஒரு யூனிட். அந்த ஆல்பத்தின் பாடல்களில் பத்தைத் தனித்தனியாக டவுன்லோடு வாங்கினாலும் ஒரு யூனிட். ஸ்ட்ரீமிங்குக்கு 2018 ஜூலையிலிருந்து இருந்த கணக்கு: சந்தா கட்டியவர்கள் கேட்டால் 1,250 ஸ்ட்ரீமுக்கு ஒரு யூனிட், விளம்பரத்தோடு இலவசமாகக் கேட்டால் 3,750-க்கு ஒன்று.

இதை ஒருநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். 'பெர்சோனா'வில் ஏழு பாட்டு, மொத்தம் சுமார் 26 நிமிடம். 1,250 ஸ்ட்ரீம் வர வேண்டுமென்றால் ஆல்பத்தை முழுதாக 179 தடவை கேட்க வேண்டும். தூங்காமல் கேட்டால் மூன்று நாளைக்கு மேல் ஆகும். அத்தனையும் ஒரே ஒரு சிடிக்குச் சமம்! சிடி வாங்கும் வழக்கம் கொரிய ரசிகர் உலகத்தில் ஏன் இவ்வளவு வலுவாக இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

இப்போது மூன்று ஆல்பத்தின் முதல் வாரத்தைப் பாருங்கள். 'டியர்' 1,35,000 யூனிட், அதில் நேரடி விற்பனை 1,00,000. 'ஆன்ஸர்' 1,85,000, விற்பனை 1,41,000. 'பெர்சோனா' 2,30,000, விற்பனை 1,96,000. ஒவ்வொரு முறையும் கிட்டத்தட்ட நான்கில் மூன்று பங்கோ அதற்கு மேலோ காசு கொடுத்து வாங்கியதுதான். ஒவ்வொரு ஆல்பமும் நான்கு வகை அட்டையில் வந்தது, உள்ளே எந்த உறுப்பினரின் ஃபோட்டோகார்டு இருக்கும் என்று பிரித்தால்தான் தெரியும். ஒருவரே இரண்டு மூன்று வாங்குவது சகஜம். இதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இந்த எண்களுக்கு வேறு பக்கமும் இருக்கிறது. பதினொரு மாதத்துக்குள் 1,35,000 என்பது 2,30,000 ஆனது. முன்பு வாங்கியவர்களே கூடுதலாக வாங்கியதால் மட்டும் இவ்வளவு ஏறாது. நடுவில் டூர் போன ஊர்களில் புது ஆட்கள் சேர்ந்தார்கள் என்றே நான் நம்புகிறேன்.

ரிசல்ட் நம் நேரத்துக்கு எப்போது வரும்?

கணக்கு வாரம் வெள்ளி முதல் வியாழன் வரை. பில்போர்டு 200-இன் முடிவு அமெரிக்காவில் ஞாயிற்றுக்கிழமை வரும், நமக்கு அது ஞாயிறு பின்னிரவு அல்லது திங்கள் விடியற்காலை. ஹாட் 100 நமக்குத் திங்கள் இரவு. சார்ட்டில் அச்சாகும் தேதி அடுத்து வரும் சனிக்கிழமையுடையது. ஆகவேதான் 'ஆன்ஸர்' முதலிடம் வந்த சார்ட்டின் தேதி செப்டம்பர் 8, ஆனால் நமக்குச் செய்தி கிடைத்தது அதற்கு ஐந்தாறு நாள் முன்பே.

ஸ்டேடியம் ஸ்டேடியமாக நிரப்புகிறார்கள், ஆனால் சார்ட்டில் வாரம் வாரம் இறங்குகிறார்கள். என்ன ஆயிற்று?

இந்தக் கேள்விக்காகத்தான் நான் உட்கார்ந்து எழுதவே ஆரம்பித்தேன். 2019 மே, ஜூன் மாதங்களில் இதைக் கேட்டு அழுத பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

எதுவும் ஆகவில்லை. சார்ட் அளக்கும் பொருள் வேறு, டூர் அளக்கும் பொருள் வேறு. ஆல்பம் வந்த வெள்ளிக்கிழமையே ரசிகர்கள் எல்லோரும் வாங்கிவிடுகிறார்கள். முன்பதிவு செய்ததும் அந்த வாரக் கணக்கில்தான் விழும். அதனால் முதல் வாரம் மலைபோல் ஏறும், இரண்டாம் வாரம் இறங்கியே தீரும். அதற்குப் பிறகு பட்டியலில் மேலேயே நிற்க வேண்டுமானால், ரசிகர் அல்லாத சாதாரண ஆள் காரில் போகும்போதும் கடையில் நிற்கும்போதும் அந்தப் பாட்டு காதில் விழ வேண்டும். அதைச் செய்வது வானொலியும் பொதுவான பிளேலிஸ்ட்டுகளும்தான். 2019-இல் அங்கே நம் பாட்டுக்குப் போதுமான இடம் கிடைக்கவில்லை.

டூர் இந்தக் குறையைத் தீர்க்குமா என்றால், பெரிதாகத் தீர்க்காது. ஒரு இரவில் ஒரு மைதானத்துக்கு வருபவர்கள் சுமார் ஐம்பதாயிரம் பேர். அவர்களில் பெரும்பாலோர் ஆல்பத்தை ஏற்கெனவே வாங்கியவர்கள். நிகழ்ச்சி முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் கேட்பார்கள்தான், ஆனால் முப்பது கோடிப் பேருக்கு மேல் உள்ள நாட்டின் ஒரு வாரக் கேட்பில் அது எங்கே தெரியப்போகிறது? போதாததற்கு, மே கடைசியில் அவர்கள் சாவோ பாலோ போய்விட்டார்கள், ஜூனில் லண்டன், பாரிஸ், ஜூலையில் ஒசாகா, ஷிசுவோகா. அங்கெல்லாம் கிளம்பிய உற்சாகத்தில் ஒரு துளிகூட அமெரிக்க சார்ட்டில் சேராது.

வலது பத்தியைப் பாருங்கள். ரோஸ் பவுலில் இரண்டு இரவு, விற்ற டிக்கெட் 1,13,040. சிகாகோவின் சோல்ஜர் ஃபீல்டில் 88,156. நியூ ஜெர்சியின் மெட்லைஃபில் 98,574. மூன்று ஊர், ஆறு இரவு, 2,99,770 பேர், வசூல் சுமார் 4.4 கோடி டாலர். 'ஸ்பீக் யுவர்செல்ஃப்' பாகத்தின் இருபது நிகழ்ச்சியும் சேர்த்தால் 9,76,283 டிக்கெட், 11.66 கோடி டாலர். இது பில்போர்டின் பாக்ஸ்ஸ்கோர், அதாவது டிக்கெட் விற்பனைக் கணக்கு. சார்ட் போடும் அதே நிறுவனம், ஆனால் இந்த எண்ணை யாரும் ஞாயிறு இரவு விழித்திருந்து பார்ப்பதில்லை.

என் நோட்டில் 2019 ஜூன் 1-க்கு எதிரே இடது பத்தியில் வெறும் இறங்கும் அம்புக்குறி. வலது பத்தியில் ஒரு பக்கம் முழுக்க லண்டனின் வெம்பிளி மைதானம். வி லைவ் என்ற நேரலை ஆப்பில் காசு கட்டி அந்த நிகழ்ச்சியை நேரலையில் பார்த்தேன், நமக்கு நள்ளிரவு 12 மணி. உலகம் முழுக்க ஒரே நேரத்தில் சுமார் 1,40,000 பேர் அப்படிப் பார்த்தார்கள். வீட்டில் எல்லோரும் தூங்குவதால் இயர்போன் மாட்டிக்கொண்டு, போர்வைக்குள் ஃபோனை வைத்துக்கொண்டு பார்த்தேன். கூட்டத்தின் கையிலிருந்த ஆர்மி பாம் விளக்குகள் இருக்கை எண்ணோடு இணைக்கப்பட்டிருந்ததால் மைதானம் முழுக்க ஒரே சமயத்தில் நிறம் மாறியது. குயீன் இசைக்குழுவின் ஃப்ரெடி மெர்குரி பழைய வெம்பிளியில் கூட்டத்தைப் பார்த்துக் குரல் கொடுத்ததுபோல பிடிஎஸ்ஸின் ஜின் கொடுக்க, மைதானமே திருப்பிக் கொடுத்தது. அந்த இரவின் ரேங்க் என்ன என்று யாராவது என்னைக் கேட்டிருந்தால் எனக்குக் கேள்வியே புரிந்திருக்காது.

அப்படியானால் டூரால் சார்ட்டுக்குப் பலனே இல்லையா?

அந்த வாரத்தில் இல்லை, அடுத்த ஆல்பத்தில் உண்டு. 2018 அக்டோபர் 9, 10 தேதிகளில் லண்டன் ஓ2 அரங்கில் பாடினார்கள். முதல் நாள் ஒத்திகையில் குதிகாலில் அடிபட்டு, குழுவின் ஜங்குக் நாற்காலியில் உட்கார்ந்தபடியே பாடினார். அடுத்த ஏப்ரலில் 'பெர்சோனா' பிரிட்டன் ஆல்பம் சார்ட்டில் முதலிடம். கொரியக் கலைஞர்கள் யாரும் அதுவரை அங்கே எட்டாத இடம். ஆறு வாரம் கழித்து வெம்பிளி. டூர், ஆல்பம், அதைவிடப் பெரிய டூர் என்று படிப்படியாகப் போன வரிசை அது. அமெரிக்காவிலும் அப்படித்தான். 2018 அக்டோபர் 6 அன்று நியூயார்க்கின் சிட்டி ஃபீல்டில் பாடியபோது அமெரிக்க ஸ்டேடியம் ஒன்றில் தனி நிகழ்ச்சி நடத்திய முதல் கொரியக் குழு ஆனார்கள். அடுத்த மாதமே 'ஆன்ஸர்' அமெரிக்காவில் விற்பனைக்குத் தரும் தங்கச் சான்று பெற்றது, கொரிய ஆல்பங்களில் முதலாவதாக.

வானொலியில் ஏன் போடவில்லை?

கொரிய மொழிப் பாட்டு என்பது பெரிய தடை. அமெரிக்க வானொலி நிலையங்கள் ஆங்கிலம் அல்லாத பாட்டை எடுக்கத் தயங்கும். ரசிகர்கள் சும்மா இருக்கவில்லை. 2017-இலேயே அமெரிக்க ரசிகர்கள் ஐம்பது மாநிலங்களையும் பிரித்துக்கொண்டு, உள்ளூர் நிலையங்களைக் கூப்பிட்டு மரியாதையாகப் பாட்டுக் கேட்டார்கள், போட்டவர்களுக்கு நன்றி சொல்லிப் பூ அனுப்பினார்கள். கூச்சல் போட்டுச் சண்டை பிடிக்கவில்லை, கவனியுங்கள். ரசிகர் வேலையில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான்.

யூடியூப் வியூ எண்ணினால் போதாதா?

எண்ணலாம், சந்தோஷம்தான். 'பாய் வித் லவ்' முதல் 24 மணி நேரத்தில் 7.46 கோடி வியூ. நம் ஊரிலிருந்து பார்த்தாலும் அதில் சேரும் என்பதால் நமக்கெல்லாம் அது பெரிய திருவிழா. ஆனால் வியூ வேறு, சார்ட் வேறு. பிற நிறுவனங்கள் விளம்பரத்துக்குக் காசு கொட்டி வியூ ஏற்றியதால், 2019 செப்டம்பரில் யூடியூப் அந்த 24 மணி நேரச் சாதனைக் கணக்கிலிருந்து விளம்பர வியூவை நீக்கிவிட்டது. நல்ல முடிவு.

கொரியாவில் எதைப் பார்க்க வேண்டும்?

ஹான்டியோ, கேயான் என்று இரண்டு சார்ட் அங்கே உண்டு. ஹான்டியோ தினசரி விற்பனை சொல்லும். முதல் வாரக் கணக்குக்கு எல்லோரும் அதைத்தான் பார்ப்பார்கள். கேயான் மாதக் கணக்கு சொல்லும், 2022-இல் அதன் பெயர் சர்க்கிள் சார்ட் என்று மாறியது. 'பெர்சோனா' கேயான் கணக்கில் இரண்டே மாதத்துக்குள் 33,99,302 பிரதி போய், கொரியாவில் அதிகம் விற்ற ஆல்பம் என்று கின்னஸ் பதிவு செய்தது. நாம் இங்கிருந்து ஜிஓ போட்டு, அதாவது பல பேர் சேர்ந்து குரூப் ஆர்டரில், கொரியக் கடையில் வாங்கினால் அந்தக் கணக்கில் சேரும். கடை ஹான்டியோவோடு இணைந்ததா என்று முதலில் பாருங்கள். ஜிஓ நடத்துபவர் முன்பு ஒழுங்காக அனுப்பியதற்கு ஆதாரம் கேளுங்கள். தெரியாத ஒருவரிடம் பணம் அனுப்பி, ஆல்பமும் வராமல் பணமும் வராமல் நான் நின்றிருக்கிறேன். கூச்சப்படாமல் கேளுங்கள்.

பீட்டில்ஸோடு ஒப்பிடுவது அதிகப்படி இல்லையா?

எதை ஒப்பிடுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். ஓராண்டுக்குள் மூன்று ஆல்பம் பில்போர்டு 200-இல் முதலிடம் என்பதை, 1995, 96-இல் வந்த, பிரிட்டனின் பழைய இசைக்குழுவான பீட்டில்ஸின் மூன்று 'ஆந்தாலஜி' தொகுப்புகளுக்குப் பிறகு செய்த முதல் குழு பிடிஎஸ். அது உண்மை, அதைச் சொல்லலாம். அதை வைத்து பீட்டில்ஸைவிடப் பெரியவர்கள் என்று சண்டைக்குப் போகாதீர்கள்.

"ரசிகர்கள் காசு கொடுத்து ரேங்க் வாங்குகிறார்கள்" என்று திட்டுகிறார்களே?

2021-இல் 'பட்டர்' பாட்டு ஹாட் 100-இல் மொத்தம் பத்து வாரம் முதலிடத்தில் இருந்தபோது இந்தப் பேச்சு உச்சத்துக்குப் போனது. காரணம், அந்த வாரங்களில் பலம் பெரும்பாலும் டவுன்லோடு விற்பனையிலிருந்து வந்தது. ஒரே ஆள் பல பிரதி வாங்கினால் அவையும் குறிப்பிட்ட அளவு வரை சேர்ந்தன. 2022 தொடக்கத்தில் பில்போர்டு ஒருவருக்கு வாரம் ஒரு பிரதிதான் என்று விதியை மாற்றியது.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். விதிக்குள் நின்று வாங்குவது ஏமாற்று இல்லை. மற்றவர்கள் கச்சேரி டிக்கெட்டோடும் டீ-ஷர்ட்டோடும் ஆல்பத்தைச் சேர்த்து விற்று முதலிடம் பிடித்த காலமும் இருந்தது, அதுவும் விதிக்குள்தான் நடந்தது, 2020 அக்டோபரில் அதையும் இறுக்கினார்கள். ஆனால் வாங்கிப் பிடித்த முதலிடமும், ஊரே முணுமுணுத்துக் கிடைத்த முதலிடமும் ஒன்றல்ல என்று யாராவது சொன்னால், அதை நான் மறுக்க மாட்டேன். இரண்டும் அன்புதான், கணக்கு வேறு.

பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறேன் அக்கா. ஸ்ட்ரீம் செய்யாவிட்டால் குற்ற உணர்ச்சியாக இருக்கிறது.

கண்ணா, ஃபோனை வைத்துவிட்டுப் போய்ப் படி. மேலே சொன்ன கணக்கை மறுபடி பார், மூன்று நாள் தூங்காமல் கேட்டால் ஒரே ஒரு யூனிட், அதுவும் நீ அமெரிக்காவில் இருந்தால். உனக்குப் பிடித்த பாட்டைச் சாப்பிடும்போது இரண்டு தடவை கேள், போதும். வீட்டில் பணம் கேட்டு நச்சரித்து ஆல்பம் வாங்காதே. சொல்லாமல் எடுத்து வாங்கவே கூடாது. "ஸ்ட்ரீம் பண்ணாதவர் ரசிகரே இல்லை" என்று யாராவது எழுதினால் அவரை மியூட் செய்துவிடு. மேடையில் அந்த ஏழு பேரும் திரும்பத் திரும்பச் சொல்வது ஒழுங்காகச் சாப்பிடுங்கள், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றுதான்.

டூரே இல்லாத காலத்தில் எதைப் பார்ப்பது?

அந்தக் காலம் ஒன்று வந்தது. 2020 பிப்ரவரியில் வந்த 'மேப் ஆஃப் த சோல்: 7' முதல் வாரம் 4,22,000 யூனிட்டோடு முதலிடம். ஏப்ரலில் சியோலில் தொடங்க வேண்டிய டூர் கொரோனாவால் தள்ளிப்போய், கடைசியில் நடக்கவே இல்லை. என் நோட்டில் வலது பத்தி வெறுமையானது. பக்கம் பக்கமாக இடது பத்தியில் மட்டும் எழுதினேன்.

ஆகஸ்ட் 21 அன்று 'டைனமைட்' பாட்டு வந்தது, முழுக்க ஆங்கிலத்தில். முதல் வாரம் அமெரிக்காவில் 3.39 கோடி ஸ்ட்ரீம், விற்பனை 3 லட்சம், வானொலியிலும் கதவு திறந்தது. ஆகஸ்ட் 31, திங்கள் இரவு நமக்குச் செய்தி வந்தது: ஹாட் 100-இல் முதலிடம். கொரியாவில் அப்போது தேதி மாறி செப்டம்பர் 1, ஜங்குக்கின் பிறந்தநாள். சிவப்புப் பேனா எடுத்து 1 என்று எழுதிவிட்டு எதிரே பார்த்தால், நீலத்தில் ஒரு எழுத்தும் இல்லை. 2019-இல் பத்து லட்சம் பேர் மைதானங்களில் கூடியபோது இந்த 1 வரவில்லை. அது வந்தபோது கூடுவதற்கு மைதானம் இல்லை.

அடுத்த நீல வரியை எழுத 2021 நவம்பர் 27 வரை ஆயிற்று. லாஸ் ஏஞ்சல்ஸ், சோஃபை ஸ்டேடியம். இரண்டு வருடத்துக்கு மேல் கழித்து மறுபடி ஆட்கள் முன்னால். அந்த வாரம் இடது பத்தியில் எழுத முதலிடம் எதுவும் இல்லை. நான் தேடிப் பார்க்கவும் இல்லை.